நூற்று இருபது மொச்சை

எங்கள் தாமான் குடியிருப்பில் அவரை எல்லோரும் எரு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எழுபதைத் தாண்டிய நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆறு வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட அதைச் சொல்லி அழைத்ததில்லை என்பதால் இங்கேயும் எழுதவில்லை.

அவர் என்னிடம் முதலில் பேசியது ஒரு கேள்வி. நான் வீட்டு முன்வாசலில் மேசை போட்டு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் சோப்புப் பாட்டிலிலிருந்து வெட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று.

"கிராணி, இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னேன்.

"சும்மா சொன்னா பத்தாது. இதுல எழுதிக் குடுங்க. இன்னியிலேர்ந்து நூத்தி இருவதாவது நாள் என்னிக்கு வருதோ அதையும் கீழ எழுதுங்க."

கிராணி என்பது பழைய தோட்டங்களில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குப் பெயர். நான் தோட்டத்தில் வேலை பார்த்தவன் அல்லன். நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பத்திலிருந்து வந்தவன், கண்ணாடி போட்டவன், காலை ஏழு மணிக்குப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவன். அவருக்கு அது போதும். கடைசி வரை நான் கிராணிதான்.

பத்தொன்பது வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. மழை, வெயில், படித்த புத்தகம், வந்த கடிதம், வந்தவர்கள். 'வந்தவர்கள்' என்பதற்குப் பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி விட்டுவைப்பேன். என் மனைவி இருந்த காலத்தில் அந்த வரி போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். அவள் போன பிறகு, மகனும் பெர்த்தில் வீடு வாங்கிக்கொண்ட பிறகு, மாதக்கணக்கில் அந்த வரி வெறுமையாகவே கிடந்தது. அதன் பிறகு 'எரு அக்கா, தேதி கேட்க' என்று எழுதத் தொடங்கினேன். பழைய நோட்டுகளைப் புரட்டினால் ஆறு வருடத்துக்கு அநேகமாக அந்த ஒரே வரிதான்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் மின்சாரக் கோபுரங்கள் போகும் காலி நிலம் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் சுண்ணாம்புக்கல் மலை. மலையிலிருந்து குரங்குகள் வரும். அந்த நிலத்தில் லாலாங் புல்லை வெட்டி அவர் பன்னிரண்டு பாத்திகள் போட்டிருந்தார். பசளி, வல்லாரை, தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, நீளப் பயறு. எரு, கம்பார் ஊர்ப் பக்கம் பழைய ரப்பர் தோட்டமொன்றில் ஆட்டுக் கொட்டகை வைத்திருந்த ஒருவரிடமிருந்து சின்ன லோரியில் வரும். சில சமயம் மாட்டுச் சாணமும் வரும்.

எரு போட்டுத் தோட்டம் செய்கிறவர்கள் ஈப்போவில் நிறைய உண்டு. எருவைக் கண்டு இவ்வளவு பயந்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குவியலைப் பாத்திகளுக்குப் பக்கத்தில் போட மாட்டார். நிலம் சரியும் பக்கமாகப் பார்த்து, தாழ்வான மூலையில் போடுவார். மழைத்தண்ணீர் எருவைக் கழுவிக்கொண்டு கீரைக்குள் வந்துவிடக் கூடாது. காய்ந்த இலையையும் எருவையும் அடுக்கி, தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடுவார். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருப்பார். காலையில் அதை உருவித் தொட்டுப் பார்ப்பார். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் முகம் மலரும். "நல்லா காயுது" என்பார், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்த்த தாய் தலைகீழாகச் சந்தோஷப்படுவதைப் போல. வெளிப்பக்கம் இருப்பது உள்ளே போக, உள்ளே இருப்பது வெளியே வர, ஐந்து தடவையாவது திருப்பிப் போடுவார்.

எருவைத் தொடும் மண்வெட்டியின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது அறுவடைப் பாத்திக்குள் வரக் கூடாது. எருவுக்கு ஒரு பூட்ஸ், பாத்திக்கு ஒரு செருப்பு. குழாயடியில் சோப்பு தொங்கும். ஒரு நாள் அவர் முழங்கை வரை கழுவுவதை நின்று பார்த்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்போல் நகத்துக்குள்ளும் தேய்த்தார்.

இவ்வளவும் செய்து, மட்கி, வாடையே இல்லாமல் தேயிலைத்தூள் போல ஆன எருவை மண்ணில் கலந்த பிறகும் நூற்று இருபது நாள் கழியாமல் அந்தப் பாத்தியிலிருந்து ஓர் இலை கிள்ள விட மாட்டார்.

நான் படிக்கிறவன். ஒரு விவசாய வெளியீட்டில் படித்ததை அவரிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, இந்த நாலு மாசக் கணக்கு பச்சை எருவுக்குத்தான். சூடேறி நல்லா மட்கின எருவுக்கு இவ்வளவு நாள் தேவையில்லை."

"சூடு எல்லா மூலைக்கும் போச்சான்னு ஒங்க புஸ்தகம் உள்ள பூந்து பாத்துச்சா?"

நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதிக் கொடுக்கும் பிளாஸ்டிக் அட்டைகள் ஊருக்கு. அந்தத் தேதிக்கு முன்னால் யாரும் பறிக்கக் கூடாது என்று பாத்தி தோறும் குச்சியில் குத்தி வைப்பார். தனக்கென்று வேறு கணக்கு வைத்திருந்தார். பாத்திக்கு ஒன்றாக, பழைய பால்மாவு டின்கள் அவர் சமையலறைச் சுவரோரம் வரிசையாக இருக்கும். தினமும் காலையில் ஒவ்வொரு டின்னிலும் ஒரு மொச்சை. நூற்று இருபது சேர்ந்தால் அந்தப் பாத்தி திறக்கும்.

ஒருமுறை என் அட்டைக்கும் அவர் டின்னுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. அட்டைப்படி இன்று பறிக்கலாம், டின்னில் நூற்றுப் பத்தொன்பதுதான். குமாஸ்தா வேலையில் முப்பத்தாறு வருடம் ஒரு தேதி பிசகாதவன் நான். கொஞ்சம் கோபத்தோடுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒரு நாள் மொச்சை போட மறந்துட்டீங்க."

"நானா? தீட்டு வீட்டுக்குப் போயி வந்த அன்னிக்கும் குளிச்சிட்டுப் போட்டேன். ஒங்க கணக்கச் சொல்லுங்க. எரு கலந்த நாள ஒண்ணுன்னு எண்ணுனீங்களா?"

"ஆமா."

"அன்னிக்கு இன்னும் ஒரு நாளும் ஆவலியே கிராணி. பொறந்த அன்னிக்கே புள்ளைக்கு ஒரு வயசா?"

வீட்டுக்கு வந்து எல்லா அட்டைகளையும் திருத்தி எழுதினேன். நாட்குறிப்பில், 'தவறு என்னுடையது' என்றும் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு என் கணக்கும் அவர் கணக்கும் பிசகியதே இல்லை. "நம்ம ரெண்டு பேரு கணக்கும் ஒண்ணு சொன்னாத்தான் நான் அறுவாள எடுப்பேன்" என்று பாசார் சந்தையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எனக்கு அது ஓய்வூதியத்தைவிடப் பெரிய மரியாதையாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர், லோரி ஓட்டி ஓய்ந்தவர், வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஆண்ட்டி, சாயுர் பிலா போலே மாக்கான்?" என்று மலாயில் சீண்டுவார். கீரை எப்போது சாப்பிடலாம் என்று அர்த்தம். இவர் இடுப்பில் கைவைத்து என் வீட்டைக் காட்டுவார். "தாஞா கிராணி!" கிராணியைக் கேள்.

ஆனால் சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. ஒரு தண்டுக்கீரைப் பாத்தி. செழித்து இடுப்பளவுக்கு நின்றது. இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. காலையில் போய்ப் பார்த்தால் கம்பி வலையைத் தூக்கிவிட்டுப் பூனை ஒன்று பாத்திக்குள் அசிங்கம் பண்ணியிருந்தது. ஒரே ஓர் இடத்தில். பூனை, நாய் கழித்தது கீரைப் பக்கமே வரக் கூடாது என்பது அவருக்குச் சட்டம். எவ்வளவு மட்கினாலும் அதை எருவாக எடுக்க மாட்டார். அவர் அந்த இடத்தை மட்டும் தோண்டி எறியவில்லை. பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கினார். மூன்று வீட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் பொறுக்க முடியாமல், "அக்கா, கழுவினா போவாதா? அநியாயம்லா" என்றார். இவர் நிமிரவே இல்லை. பிடுங்கியதைக் குழி வெட்டிப் புதைத்தார். பிறகு வீட்டுக்குள் போய் அந்த டின்னிலிருந்த நூற்றுப் பதினேழு மொச்சையையும் கொட்டிவிட்டு வெறும் டின்னைத் திரும்ப வைத்தார். அதை நான் கதவருகே நின்று பார்த்தேன். கொட்டும்போது அவர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அன்று மாலை அவரே வந்து சொன்னார். நான் கேட்கவில்லை.

அவர் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். இப்போது அங்கே செம்பனைதான். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்கால் ஓரம் வல்லாரை. தோட்டத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து தினமும் பச்சைச் சாணி கொண்டுவந்து, கரைத்து, வல்லாரைமேல் ஊற்றுவார். கொழுகொழுவென்று வளர்ந்ததாம். முதல் பிள்ளைக்கு நாலு வயது. வல்லாரைத் துவையல் என்றால் உயிர். பச்சையாக அரைத்தது.

"சாணிதானே கிராணி. அதக் கரைச்சித்தான் வாசத் தெளிக்கிறோம். சாமிக்கு மெழுகுறோம். புள்ளையாரு பிடிச்சி அதுல பூவு சொருகுறோம். அதுல என்ன அழுக்கு இருக்கும்னு நெனச்சேன். அழுக்குப் போறதுக்குத்தானே அதத் தெளிக்கிறதே."

பையனுக்கு வயிறு போனது. பிறகு இரத்தமாகப் போனது. தோட்டத்து டிரஸர் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்தார், பையன் வரவில்லை.

"கீரையாலதான்னு டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. வாய்க்கா தண்ணியா இருக்கும்னாங்க. காத்துக் கருப்புன்னாங்க. ஒரு மிஸ்ஸி மட்டும் என்ன குடுத்தே, எப்படி வளத்தேன்னு ஒண்ணொண்ணா கேட்டா. சொன்னேன். அவ பேசாம எழுதிக்கிட்டா. போறப்ப கைய புடிச்சி, இனிமே எரு போட்டா நாலு மாசம் பொறுத்துக்கம்மான்னா. அவ்ளோதான்."

மிஸ்ஸி என்றால் தாதி. அந்த ஒரு வாக்கியத்தை அவர் நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவள் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அந்தப் பெண்ணை ஆறு வருடத்தில் நான் மூன்றே முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் வெளியிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தாள். அம்மாவின் தோட்டத்துக் கீரையைத் தொட மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், "என்னை வளர்த்ததைவிட அவன் செத்த நாளை எண்ணினதுதான் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதையும் எரு அக்காதான் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "அவ சொன்னதும் சரிதான்" என்றார்.

இனி எழுத வேண்டியது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. மே மாதக் கடைசி, பள்ளி விடுமுறை. மகள் முதல் நாளே வந்து இரவு தங்கியிருந்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம். காலை பத்து மணிக்கு எரு அக்கா என் கேட்டருகே வந்தார். நடையில் ஓர் அவசரம். மகளும் இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

"கிராணி, ஒங்க புஸ்தகத்த எடுங்க. வல்லாரைப் பாத்திக்கு எரு கலந்தது எப்போ?"

"ஏன் அக்கா, டின் என்னாச்சு?"

"இவ வீட்டக் கூட்டுறேன்னு அந்த டின்னத் தூக்கி வீசிட்டா. துருப்பிடிச்சிருச்சாம்."

அட்டையை அந்த வாரம்தான் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. புதிதாக எழுதித் தர வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கணக்கு என் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

மகள் சொன்னாள்: "எனக்குத்தான் அங்கிள். வல்லாரைத் துவையல் சாப்பிடணும்போல இருக்கு. அம்மா அரைக்கிறது." பிறகு, சிறு பெண்ணைப்போல, "நாளைக்குக் காலையில கிளம்பறேன்" என்றாள்.

எரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம் என்ற பயமும் சேர்ந்து, வாய் இலேசாகத் திறந்திருந்தது.

உள்ளே போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி, இரண்டாவது செவ்வாய். விரல்விட்டு எண்ணினேன், எழுதியும் பார்த்தேன். நூற்று ஒன்பது. இன்னும் பதினொரு நாள்.

அந்த அறையில் நான் நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். பதினொரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மட்கின எருவுக்கு இவ்வளவு நாள் தேவையே இல்லை என்று படித்திருக்கிறேனே என்று நினைத்தேன். ஒரு தாயும் மகளும் என் வாசலில் நிற்கிறார்கள், நான் சொல்லும் ஒரு சொல்லில் ஒரே அம்மியடியில் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கு 'வந்தவர்கள்' வரியில் இரண்டு பேர் என்றும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே வந்து சொன்னேன். "நேத்தோட முடிஞ்சிருச்சு அக்கா. தாராளமாப் பறிக்கலாம்."

"நல்லா பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணினேன்."

அது உண்மைதான்.

பன்னிரண்டரை மணிக்கு எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை. என் மனைவி செய்யும் வல்லாரைச் சம்பலுக்குக் கிட்டத்தட்ட அதே மணம். முழுவதையும் சாப்பிட்டேன். அவர்கள் வீட்டுப் பக்கமிருந்து இரண்டு பெண் குரல்களின் சிரிப்பு கேட்டது.

மறுநாள் காலை மகளின் கார் போன பிறகு எரு அக்கா கேட்டருகே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரெண்டு தடவ போட்டுச் சாப்ட்டா கிராணி. ஒங்களுக்கு மட்டும் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. மூணு மாசம். கல்யாணமாயி ஒம்பது வருசம் கழிச்சி."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நோட்டில் இல்லை.

அவர் போன பிறகு அந்தப் பாத்திக்கு வந்த எருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரியில், என் கையெழுத்தில், தெளிவாக இருந்தது: 'எரு அக்கா வந்தார். மூன்று நாள் மழையில் தார்ப்பாய் கிழிந்து குவியல் ஆறிவிட்டதாம். திருப்பிப் போட்டும் சூடு ஏறவில்லை. பரவால்ல, மண்ணு பாத்துக்கும், நாளு மட்டும் கொறையக் கூடாது என்றார்.'

ஆறு வருடத்தில் சரியாகக் காயாத ஒரே குவியல் அது. நான் படித்ததெல்லாம் சூடேறிக் காய்ந்த குவியலைப் பற்றி.

சில கிருமிகள் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்றும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் நாள் கூடும் என்றும் படித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் எண்ண ஆரம்பித்தேன். தினமும் காலையில் வேலியோரம் போய் நிற்பேன்.

"மக எப்படி இருக்கா அக்கா?"

"நல்லா இருக்கா."

மறுநாளும் கேட்பேன். அதற்கு மறுநாளும். அவருக்கு அது பிடித்துப்போனது. "பாருங்க, சொந்த மாமன்கூட இப்படிக் கேக்க மாட்டான்" என்று ரொட்டிக்காரரிடம் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆறாம் நாள் அவர் முகம் வாடியிருந்தது. "காலையிலேர்ந்து வாந்தியாம் கிராணி. தண்ணிகூடத் தங்கலியாம்."

டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், இப்படி ஒரு கீரை சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மகன் போன் செய்தான், எடுக்கவில்லை. அன்றைய பக்கத்தில் மழை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவரே வேலிக்கு வந்து சிரித்தார். "மசக்கைலா! நேத்து பூராவும் நான் வேற பயந்துட்டேன். இப்போ நல்லா ஊறுகாயத் தின்னுக்கிட்டு இருக்காளாம்."

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் புதன்கிழமை, உண்மையான நூற்று இருபதாவது நாள். முகம் மழித்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எரு அக்கா கேட்டைத் திறந்து உள்ளேயே வந்தார். கையில் ஓர் ஊறுகாய் பாட்டில். மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவரை அவர் என் வீட்டில் உட்கார்ந்ததில்லை.

"டின்னைத்தான் வீசினாளாம். மொச்சைய இதுல போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சிருக்கா. நேத்து போன்ல சொன்னா."

பாட்டிலை என் மேசையில் கவிழ்த்தார். பத்துப் பத்தாகத் தள்ளி, சத்தமாக எண்ணினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. நூறு. பிறகு ஒவ்வொன்றாக. நூற்று ஒன்பதில் விரல் நின்றது.

"அன்னிக்குக் காலையில மொச்ச போட்டதுக்கு அப்புறந்தான் அவ டின்ன எடுத்தா."

மேசை ஓரத்திலிருந்த என் நோட்டைப் பார்த்தார்.

"ஒங்க புஸ்தகத்துல தப்பா எழுதியிருந்துச்சா கிராணி?"

கேள்வியைவிட அதைக் கேட்ட விதம்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோல் இருந்தது. ஒரு தலையசைப்பு போதும்.

"இல்ல அக்கா. புஸ்தகம் சரியாத்தான் இருக்கு."

கடைசி ஒன்பது மொச்சைகளை ஒன்றுசேர்த்து நகர்த்தினார்.

"அவ ஆசப்பட்டாளேன்னுதான் அப்படிச் சொன்னீங்க."

"ஆமா அக்கா."

"நானும் ஆசப்பட்டான்னுதான் அவனுக்குக் குடுத்தேன்" என்றார்.

எழுந்து போனார். கேட்டை மெதுவாகச் சாத்தினார். மொச்சைகள் பத்துப் பத்தாக என் மேசைமேல் கிடந்தன. திரும்ப வந்து எடுத்துக்கொள்வார் என்று இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன். பிறகு பாட்டிலில் போட்டு வைத்தேன்.

அவர் சண்டை போடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. பை பையாகக் காய்கறி என் கேட்டில் தொங்குவது நிற்கவில்லை. வெண்டைக்காய், கத்தரிக்காய், ஒருமுறை வல்லாரையும்கூட. தேதி கேட்பது மட்டும் நின்றது. காலை ஏழு மணிக்கு ரொட்டிக்காரரின் ஹாரன் கேட்கும். அதற்குப் பின்னால் அவர் குரல்: "தம்பி, இன்னிக்கு என்ன தேதி? இதுல எழுதிக் குடுங்க." முன்வாசல் மேசையில் உட்கார்ந்தபடி நான் அதைக் கேட்பேன். ரொட்டிக்காரர் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். பாத்திகளின் ஓரமாக நடக்கும்போது பார்த்திருக்கிறேன். தேதிகள் சரியாகவே இருந்தன.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, மகளின் பிரசவத்துக்காக எரு அக்கா கிள்ளானுக்குப் போனார். மருமகன் வந்து கூட்டிப்போனார். போகுமுன் பன்னிரண்டு பாத்தியும் காலி. இன்னும் மட்காத குவியல் ஒன்றை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டிருந்தார். திரும்பி வருகிறவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. சாமான்களை ஏற்றிய பிறகு என் கேட்டுக்கு வந்து நின்றார். பூட்ஸ் இல்லாமல், பட்டுக்கரைச் சேலையில், வேறு யாரோபோல் இருந்தார்.

"போயிட்டு வாரேன் கிராணி. ஒடம்பப் பாத்துக்குங்க. சோத்த நேரத்துக்குச் சாப்புடுங்க."

"சரி அக்கா."

இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

நாலு மாதத்துக்குப் பிறகு முதல் முறை. கிழமையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, பழக்கதோஷம்போல, காரருகே நின்ற மருமகன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரியாப்பா?"

அந்தப் பையன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். "சரிதான் அத்தை."

கார் முனை திரும்பும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது சரியான தேதிதான். ஆனாலும் உள்ளே வந்து சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.